கருவாட்டு அலமாரிக்குள் ஒரு கம்ப்யூட்டர்

போன வாரம் புதுச்சேரி வைத்திக்குப்பத்தில் நெத்திலிக் கருவாடு வாங்கப் போனேன். போனவன் வாங்காமல், கூடையின் மேல் குனிந்து மூச்சை இழுத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். விற்கிற அம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு, "இன்னாய்யா, வாங்கறியா, இல்ல மோந்து பாத்தே வயித்த ரொப்பிக்கலாம்னு வந்தியா?" என்றார். இந்த வாசனை வந்தால் மற்றவர்களுக்குச் சோறு ஞாபகம் வரும், எனக்குக் கம்ப்யூட்டர் ஞாபகம் வரும் என்று சொன்னால் என்னை என்ன நினைப்பார்? பேசாமல் தேவைக்கு மேலேயே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

உங்களிடம் சொல்லலாம். நீங்கள் சிரிப்பீர்கள், ஆனால் நம்புவீர்கள்.

பிராட்பேண்ட் என்ற சொல் புதுச்சேரிக்குள் அப்போதுதான் நுழைந்திருந்தது. நானும் அந்தோணியும் மிஷன் வீதியை ஒட்டிய ஒரு சந்தில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து விற்கும் கடை வைத்திருந்தோம். கடை என்பது கொஞ்சம் பெருமையான சொல். நாங்கள் இரண்டு பேரும் உள்ளே உட்கார்ந்தால் வாடிக்கையாளர் வாசலில் நின்று தலையை மட்டும் நீட்டலாம். அந்தோணி அதற்கு முன்பு சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். மிஷின்கள் அதிராமல் இருக்க அடியில் ரப்பர் கட்டை வைப்பதுதான் அங்கே அவன் வேலை. வேலையை விட்டாலும் பழக்கம் விடவில்லை. எதைக் கண்டாலும் அதற்கு அடியில் ரப்பர் வைக்க வேண்டும் அவனுக்கு. எங்கள் கடை ஸ்டூலுக்கு ரப்பர் கால். மாதா படத்துக்குப் பின்னால்கூட ஒரு துண்டு ரப்பர் இருந்தது.

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் சத்தம் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? பட்டனை அமுக்கியதும் ஒரு பீப். பிறகு பின்னால் ஒரு ஃபேன், உள்ளே ஒரு ஃபேன், ஹார்ட் டிஸ்க்கின் கரகரப்பு, எல்லாம் சேர்ந்து மாவு மில் ஓடுகிற மாதிரி இருக்கும். ஜனங்களுக்கு அது பிடித்துத்தான் இருந்தது. கொடுத்த காசுக்கு ஏதோ ஓடுகிறது என்று ஒரு திருப்தி. "பக்கத்து வூட்டுக்குக் குடுத்தது நல்லா எரையுது, எங்களுது மட்டும் ஏன் முனகுது?" என்று ஒருவர் சண்டைக்கே வந்தார்.

அப்படிப்பட்ட ஊரில், சத்தமே வராத கம்ப்யூட்டர் வேண்டும் என்று கேட்டு வந்தவர் லூர்து முசியே. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அப்படிப்பட்டவர் எங்கள் ஊரில் முசியே, அவர் மனைவி மதாம். இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, தொப்பி, கையில் குடை. வெயிலுக்குத் தொப்பி இருக்கும்போது குடை எதற்கு என்று கேட்டால், தொப்பிக்கு வெயில் படாமல் இருக்க என்பார்.

"தம்பி, மிஷின் ஓடணும். ஓடறது எனக்கு மட்டுந்தான் தெரியணும்" என்றார்.

"ஏன் முசியே?"

"மதாம் தூங்குவா."

அவ்வளவுதானா என்று நாங்கள் பார்த்தோம். அவர் குடையை மடக்கிவிட்டு, சந்தின் இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துவிட்டு, மீதியைச் சொன்னார்.

அவருடைய ஒரே மகள் தெரேஸ் பிரான்சில் நர்ஸ். அங்கேயே ஒருவனைப் பிடித்துப்போய், நகராட்சி ஆபீசில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் முடித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் வீட்டுக்குப் போன் செய்தாள். மதாமோ அதற்குள் கோயில் முதல் பேண்டு வாத்தியம் வரை எல்லாவற்றையும் மனசுக்குள் ஏற்பாடு செய்து, கோயில் பங்கு ஜனங்களில் பாதிப் பேருக்குச் சொல்லியும் வைத்திருந்தார். அன்றையிலிருந்து மகளோடு பேச்சு இல்லை. போன் அடித்து மகள் என்று தெரிந்தால், கொதிக்கிற சட்டியைக் கைமாற்றுகிற மாதிரி ரிசீவரைப் புருஷனிடம் தள்ளிவிடுவாராம். இப்போது தெரேஸுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. குழந்தையை கேமராவில் பார்க்கலாம் என்று யாரோ முசியேவுக்குச் சொல்லிவிட்டார்கள்.

பிரவுசிங் சென்டர் எத்தனையோ இருந்தன. ஆனால் தெரேஸ் வேலைக்குக் கிளம்புவதற்கு முன், குழந்தையைக் குளிப்பாட்டி மடியில் வைத்துக்கொள்கிற நேரம் நமக்கு மத்தியானம். மத்தியானத்தில் புதுச்சேரி எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாப்பாட்டு மணி அடித்தால் கடைகள் ஷட்டரை இறக்கிவிடும், வெயில் தாழ்ந்த பிறகுதான் ஏற்றும். பிரவுசிங் சென்டர்காரனும் உள்ளே பாய் விரித்துப் படுத்துவிடுவான். ஆக, வீட்டில்தான் பேச வேண்டும். வீட்டில் போன் லைன் இருப்பது கூடத்தில். கூடத்துச் சோபாவில், ஃபேனுக்குக் கீழே தூங்குவது மதாம். சுண்ணாம்புச் சுவரில் ஓட்டை போட்டு வயரை வேறு அறைக்குக் கொண்டுபோகலாம் என்றால், "என் சுவத்துல கை வச்சா உங்க மண்டைல ஓட்டை விழும்" என்று மதாம் ஏற்கெனவே கேபிள்காரனிடம் சொல்லியிருந்தார். நாங்களும் கேபிள்காரனுக்கு ஒன்றுவிட்ட உறவு மாதிரிதானே.

"இன்னொண்ணு தம்பி. கரண்டு போனா இன்வெர்ட்டர்ல ஓடும். மிஷின் கரண்ட இழுத்து ஃபேன் மெதுவா ஆச்சின்னா, மதாம் கண்ண முழிச்சிடுவா. அவளுக்கு ஃபேன் சுத்தற வேகம் தூக்கத்துலயே தெரியும்."

அப்படித்தான் நாங்கள் சத்தம் குறைந்த, மின்சாரம் குறைந்த கம்ப்யூட்டர் கட்டுகிற நிபுணர்கள் ஆனோம். சுற்றுச்சூழல் அக்கறை எல்லாம் இல்லை. ஒரு மதாமின் தூக்கம்.

அந்தோணி சென்னைக்குப் போய், ஃபேனே தேவைப்படாத, ரொம்பவும் சாதுவான ஒரு போர்டைத் தேடிப்பிடித்து வாங்கி வந்தான். அதன் வேகத்தைப் பற்றிக் கேட்காதீர்கள், அதுவும் நம் ஊர் மாதிரி மத்தியானத்தில் சியெஸ்தா தூக்கம் போடும். லேப்டாப்பில் இருந்து கழற்றிய சின்ன ஹார்ட் டிஸ்க்கை, சைக்கிள் டியூபை நறுக்கி, தூளி கட்டித் தொங்கவிட்டான். அதிர்வு பலகைக்கு இறங்காது, அதனால் சத்தமும் வராது. தொழிற்சாலை வித்தை. டப்பா டிவி மாதிரியான மானிட்டரை விட்டுவிட்டுத் தட்டை மானிட்டர் வைத்தோம், அது கரண்டை அளவாகத்தான் தின்னும். ஸ்பீக்கர் கிடையாது, மைக் வைத்த ஹெட்போனும் ஒரு கேமராவும்தான். எதில் வைப்பது என்பதுதான் பிரச்சினையாக இருந்தது. தகர கேபினட் எந்தச் சத்தத்தையும் பெரிதாக்கிவிடும்.

முசியே வீட்டுக் கூடத்து மூலையில் வலைக்கதவு போட்ட பழைய சாப்பாட்டு அலமாரி ஒன்று இருந்தது. மரப்பலகை, நாலு பக்கமும் காற்றோட்டம். இதைவிட நல்ல கேபினட் எந்தக் கம்பெனியும் செய்ததில்லை. மேல்தட்டு காலி, கம்ப்யூட்டர் அங்கே ஏறியது. கீழ்த்தட்டில் மட்டும், ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது என்று மதாம் தள்ளி வைத்திருந்த கருவாடு. எறும்பு ஏறாமல் இருக்க நாலு காலும் தண்ணீர்க் கிண்ணத்தில் நின்றன. அந்தோணி கிண்ணங்களையும் பிளக்பாயிண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இன்னாடா இது, தண்ணி, கரண்டு, கருவாடு. மூணும் ஒரே எடத்துல இருந்து நான் பாத்ததில்ல" என்றான். பிறகு மனசு கேட்காமல் கிண்ணங்களுக்கு அடியில் ரப்பர் வைத்தான்.

முதல் நாள் ஒத்திகை. மதாம் சோபாவில் கண் மூடியிருக்க, முசியே மூச்சைப் பிடித்துக்கொண்டு பட்டனை அமுக்கினார். எல்லாச் சத்தத்தையும் பிடுங்கிய நாங்கள் போர்டில் இருந்த கடுகு அளவு பீப் ஸ்பீக்கரை மறந்துவிட்டோம். சத்தமே இல்லாத கூடத்தில் அந்த பீப் ரயில் ஊதுவது மாதிரி கேட்டது. மதாம் புரண்டு படுத்தார். முசியே ராணுவப் பயிற்சியை மறக்காதவர், சட்டென்று தரையில் உட்கார்ந்துவிட்டார். எதற்கென்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

பீப்பைப் பிடுங்கினோம். மறுநாளே போன். "தம்பி, மிஷின் செத்துப்போச்சி." ஓடினோம். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் இல்லாததால் ஆன் ஆகவில்லை என்று நினைத்து அவர் மறுபடியும் பட்டனை அமுக்கி, அதுவும் கீழ்ப்படிந்து அணைந்துபோய், இப்படியே ஒரு மத்தியானம் முழுக்க இரண்டு பேரும் மாறி மாறி ஏமாந்திருக்கிறார்கள். மதாமுக்கும் மிஷின்மேல் குறை இருந்தது. பிரெஞ்சுப் பேப்பர் படிக்க என்றுதான் முசியே அவரிடம் சொல்லிவைத்திருந்தார். "சூடே ஆவலயே. மேல அப்பளம் வச்சிப் பாத்தேன், காயவே இல்ல. ஏமாத்திப்புட்டாங்க உங்கள" என்றாராம்.

ஒரு வழியாக முசியே பழகிவிட்டார். தினமும் மத்தியானம் பேத்தி திரையில் வருவாள். இவர் வாயைத் திறக்க முடியாது. கையை ஆட்டுவார், தொப்பியைக் கழற்றிப் போடுவார், குடையை விரித்து மூடுவார். கண்டங்கள் தாண்டி ஊமை நாடகம். குழந்தை தாத்தாவுக்குப் பேச வராது என்றே நம்பியிருக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது, ஒருநாள் காலையில் மார்க்கெட் கூடையோடு மதாமே கடை வாசலில் வந்து நின்றார். எங்களுக்கு உயிர் போய்விட்டது.

"அந்த மிஷின்ல கொஞ்சம் சத்தம் வைக்க முடியுமா?"

அந்தோணி என்னைப் பார்த்தான். "எதுக்கு மதாம்?"

"அவரு எப்பப் போடறாரு, எப்ப நிறுத்தறாருன்னு ஒண்ணும் தெரியல. நான் எவ்ளோ நேரந்தான் கண்ண மூடினு கெடக்கறது? கழுத்து புடிச்சிக்கிச்சி." கூடையைக் கீழே வைத்தார். "சீக்கிரம் முழிச்சா அவரு பயந்து நிறுத்திடறாரு. லேட்டா முழிச்சா புள்ளைய உள்ள தூக்கினு போயிடறா. அரைக் கண்ணாலதான் பாக்கறேன். மூக்கு எங்க அம்மா மூக்கு. இத அவருகிட்ட சொன்னீங்க, அப்புறம் நடக்கறதே வேற."

"பேசிடுங்களேன் மதாம், மகதானே" என்றேன்.

"அவ பேசட்டும். நான் இன்னா, செத்தா போயிட்டேன்? அம்மாவக் கூப்பிடுன்னு ஒரு வார்த்த கேட்டாளா?"

மகள் கேட்காமல் இருந்தது, அம்மா தூங்குகிறாள் என்று முசியே தினமும் சைகை காட்டியதால். இதை மதாமிடம் எப்படிச் சொல்வது? சொல்லியிருந்தால் முசியே அன்றைக்கே எங்கள் கடையில் குடியேறியிருப்பார்.

ஒரே கம்ப்யூட்டருக்கு இரண்டு ஆர்டர். புருஷனுக்குச் சத்தம் கேட்கக் கூடாது, பெண்டாட்டிக்குக் கேட்க வேண்டும். எந்தப் புத்தகத்திலும் இதற்கு வழி இல்லை. கடைசியில் வழி முசியேவின் காதிலேயே இருந்தது. பட்டாளத்தில் பீரங்கிப் பக்கம் நின்று நின்று, கொசு பாடுகிற மாதிரி மெல்லிய சத்தம் எதுவும் அவருக்குக் கேட்காது. சர்வீஸ் என்று சொல்லிப் போய், அலமாரிக்குள் விரல் அகலத்தில் ஒரு சின்ன ஃபேனை வைத்துவிட்டு வந்தோம். எதையும் குளிர்விக்காத ஃபேன். கீச்சென்று இழுப்பது மட்டும்தான் அதன் உத்தியோகம். முசியே பக்கத்திலேயே காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ம்ஹும், ஒண்ணுமே கேக்கல. பிரமாதம்!" என்று என் முதுகில் தட்டினார். சோபாவில் மதாமின் பெருவிரல் லேசாக ஆடியது.

அப்புறம் ஒரு மத்தியானம், படம் நின்று நின்று வருகிறது என்று முசியே கூப்பிட்டார். நாங்கள் பூனை மாதிரி உள்ளே போனோம். மோடம் வயரில் பிடிப்பு இல்லை, செருகியதும் சரியாகிவிட்டது. திரையில் தெரேஸ். மடியில் குழந்தை, வாயில் பால் புட்டி. சத்தமெல்லாம் முசியேவின் ஹெட்போனுக்குள். எங்களுக்கு ஊமைப் படம்தான். குழந்தை முகம் சிவந்து அழுவது தெரிந்தது. தெரேஸ் அதை மல்லாத்திப் படுக்கவைத்தபடியே புட்டியைத் திணித்துக்கொண்டிருந்தாள். பால் கன்னத்தில் வழிந்தது. நான் திரும்பி சோபாவைப் பார்த்தேன். மதாமின் இரண்டு கண்ணும் முழுசாகத் திறந்திருந்தன.

"தலையத் தூக்கிப் புடிடி! பாலு காதுக்குள்ள போவுது பாரு!"

கூடமே அதிர்ந்தது. அந்தோணியின் ரப்பரால் தாங்கக்கூடிய அதிர்வு இல்லை அது. ஹெட்போன் மாட்டியிருந்த முசியேவுக்கு ஏதோ சத்தம் என்று மட்டும்தான் தெரிந்தது. திரும்பாமலேயே எங்கள் பக்கம் கையை வீசி, "ஷ்ஷ்! மெதுவாடா அந்தோணி, அவ எழுந்துடுவா" என்றார்.

ஆனால் மைக் வழியாகக் குரல் பிரான்சுக்குப் போய்விட்டது. தெரேஸ் அப்படியே நின்றுவிட்டாள், கம்ப்யூட்டர்தான் உறைந்துவிட்டதோ என்று நான் பயந்தேன். பிறகு அவள் உதடு அசைந்தது. மமான், அம்மா என்கிறாள் என்று எங்களுக்கே புரிந்தது. கை மட்டும் சொன்னதைச் செய்தது, தலையைத் தூக்கிப் பிடித்தது. குழந்தை குடிக்க ஆரம்பித்தது. மதாம் முசியேவின் தலையில் இருந்து ஹெட்போனைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு, "ம், அப்படித்தான். இன்னுங் கொஞ்சம் தூக்கு" என்றார். கண்ணில் இருந்து கொட்டிக்கொண்டிருந்தது, திட்டு நிற்கவில்லை. முசியே எழுந்து நாற்காலியை அவருக்கு விட்டுவிட்டு, என்ன செய்வது என்று தெரியாமல் எங்களுக்கு சல்யூட் அடித்தார்.

மறுநாளே ஸ்பீக்கர் வாங்கினார்கள், கடையிலேயே பெரியது. அதன்பிறகு ஊரே ஷட்டரை இறக்கித் தூங்கும் நேரத்தில், அந்த வீதிக்கு மட்டும் பிரான்சில் ஒரு குழந்தை என்ன சாப்பிட்டது, எத்தனை பல் முளைத்தது என்பதெல்லாம் தெரிந்தது. அக்கம்பக்கத்தார் எங்களிடம் வந்து, சத்தம் இல்லாத மிஷின் செய்கிறவர்கள் என்று கேள்விப்பட்டோம், இதுதானா என்று கேட்டார்கள்.

இரண்டாவதாகப் பேரன் பிறந்தபோது முசியேவும் மதாமும் மகளிடமே போய்விட்டார்கள். வீடு ஓட்டலாகிவிட்டது. எங்கள் கடை இருந்த சந்தில் செல்போன் உறை விற்கிறார்கள். மத்தியானத்தில் பாதிக் கடைகள் திறந்தே கிடக்கின்றன. அந்தோணி கனடாவில் இருக்கிறான், அங்கே எதற்கு அடியில் ரப்பர் வைக்கிறானோ.

மதாம் போன வருடம் அங்கேயே தவறிவிட்டார். முசியே எப்போதாவது வீடியோவில் கூப்பிடுவார், நமக்கு மத்தியானமாகப் பார்த்து. குரலைத் தாழ்த்தி, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசுவார். போன தடவை, "சத்தமாவே பேசலாமே முசியே" என்றேன்.

"பேசலாம் தம்பி. எழுந்துக்கத்தான் ஆள் இல்ல" என்றார்.

பேத்தி என்ன படிக்கிறாள் என்று கேட்டேன். அதையும் மெதுவாகத்தான் கேட்டேன்.