பத்துக்கு எத்தனை வலிக்குது?

கிட்ட வந்து உட்காருங்க. முதுகு பிடிச்சவங்க சுவரோரமாச் சாஞ்சுக்கோங்க, முட்டி மடங்காதவங்க நாற்காலியை இழுத்துப் போட்டுக்கோங்க. வலி வைத்தியத்துல முதல் தொல்லையே, வந்தவங்களுக்கு அதை எடுத்துக் காட்டத் தெரியாது, பக்கத்துல நிக்கிறவங்களுக்கு அதை நம்பத் தெரியாது.

என் பேரு சொர்ணம். அஞ்சாங்கிளாஸோட படிப்பு முடிஞ்சுது. தூத்துக்குடியில ஒரு வலி டாக்டரோட கிளினிக் வாசல்ல டோக்கன் கொடுக்கிற வேலை. டாக்டர் பக்கத்து ஊரு ஏரல்காரர். பல வருசம் ஆபரேசன் தியேட்டர்ல மயக்கம் கொடுத்தவர். பிறகு, எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கிட்டே வலி கடத்துற நரம்பு வரைக்கும் ஊசியைக் கொண்டுபோற படிப்பையும் படிச்சுட்டு வந்தார். கிளினிக் திறந்த அன்னைக்கே சொல்லிட்டார்: "சொர்ணக்கா, ஒரு வருசம் பார்ப்பேன். ஆள் வரலைன்னா பூட்டிட்டு மெட்ராஸுக்கு மயக்கம் கொடுக்கவே போயிருவேன்."

அவர் போனா என் பிழைப்பும் போச்சு. அதனால அந்த வருசம் பூரா தெருவைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். வந்த ஆளுங்க லட்சணத்தைக் கேளுங்க.

போர்டு

வாசல்ல "வலி சிகிச்சை நிபுணர்"னு பெருசா போர்டு. எதிர்த்தாப்புல அரிசிக்கடை அண்ணாச்சி. நாரியை, அதான் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுத்தான் கல்லாவை விட்டு எந்திரிப்பார். தினமும் அந்த போர்டை ஏதோ கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி நின்னு படிப்பார், தலையை ஆட்டுவார், திரும்பிப் போயிருவார்.

ஒருநாள் நானே தெருவைத் தாண்டிப் போய், "அண்ணாச்சி, உள்ள வந்து ஒரு தடவை காட்டிட்டுத்தான் போங்களேன்"னேன். அவர் என்னைப் பரிதாபமாப் பார்த்தார். "ஏளா சொர்ணம், கண்ணுக்குக் கண் டாக்டர். பல்லுக்குப் பல் டாக்டர். உங்க டாக்டருக்குன்னு ஒரு உறுப்பு கூடக் கிடைக்கலையா?"

மரியாதைக்காரர்

துறைமுகத்துல கண்டெய்னர் லாரி ஓட்டுற டிரைவர் ஒருத்தர். இடுப்புல இருந்து குதிகால் வரைக்கும் சுண்டி இழுக்குதாம். போன்ல அவர் போட்ட சத்தத்துல எனக்கே கால் இழுத்துச்சு. நேர்ல வந்தாரு பாருங்க, தலை வாரி, பவுடர் போட்டு, கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி. டாக்டர் காலைத் தூக்கச் சொன்னார், தூக்கினார். குனியச் சொன்னார், குனிஞ்சார். வலி இருக்கிற இடம் எதுன்னு தொட்டுத் தொட்டுப் பார்த்தா, எங்கயும் இல்லை.

மூணு தடவை இதே கூத்து. மூணாவது தடவை நான் வாசல்லயே மறிச்சு விசாரிச்சேன். கிளம்புறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் வலி தெரியாம இருக்க ஊசி ஒண்ணு போட்டுக்கிட்டுத்தான் பஸ் ஏறியிருக்காரு மனுசன். ஏன்யா இப்படிப் பண்ணுதீருன்னு தலையில அடிச்சுக்கிட்டேன். அவருக்குக் கோபம் வந்துட்டு. "பின்ன என்னக்கா, அவ்வளவு படிச்ச டாக்டர் முன்னால போய் முனங்கிக்கிட்டா நிக்கச் சொல்லுதீய?"

மார்க்கு

வலி பத்துக்கு எத்தனைன்னு கேட்டு சீட்டுல எழுதணும். இது என் வேலை. வலியே இல்லைன்னா பூஜ்யம், தாங்கவே முடியலைன்னா பத்து. கேட்கிறதுக்குச் சுலபம். ஒருத்தர் பன்னெண்டுன்னாரு. ஒருத்தர், "நீங்களே பார்த்துப் போட்டுக்கோங்க"ன்னாரு. முட்டி வலிக்கு வந்த ஒரு அம்மா ரொம்ப நேரம் யோசிச்சாங்க. பிறகு என் காதுகிட்டக் குனிஞ்சாங்க. "போன வாரம் என் சம்பந்தி வந்தாளே, அவ எத்தனை சொன்னா? அதுக்கு மேல ஒண்ணு போடு."

அரை நாள் ஊசி

இதுதான் எங்களைக் கவுத்தது. நடு முதுகு வலிக்குச் சில பேருக்கு முதல்ல ஒரு சோதனை ஊசி போடுவார். மரத்துப்போற மருந்து. சில மணி நேரம்தான் நிக்கும். அந்த நேரத்துல வலி அடங்கினா, குற்றவாளி அந்த நரம்புதான்னு உறுதியாயிரும். அதுக்குப் பிறகு இன்னொரு நாள் அதே நரம்புக்கு ஊசி வழியாச் சூடு வைக்கணும், அதுதான் வைத்தியம். உப்பளத்துல மூட்டை தூக்குற முத்தையாவுக்கு இதை டாக்டர் ரெண்டு தடவை சொன்னார், நான் மூணு தடவை சொன்னேன். தலையைத் தலையை ஆட்டினார்.

ஊசி போட்டதும் வலி பறந்துட்டு. மனுசன் நேரே உப்பளத்துக்குப் போய், விட்டுப்போன மூட்டையை எல்லாம் சேர்த்துத் தூக்கியிருக்கார். மறுநாள் படுத்த பாய்ல இருந்து எந்திரிக்க முடியலை. அதுக்குப் பிறகு எங்களைப் பத்தி அவர் பேசாத டீக்கடை இல்லை. வாரம் ரெண்டு பேரு, ஒருத்தருன்னு ஆளு குறைஞ்சுது. நான் பஸ்ல போறப்ப முன் சீட்டுல ஒருத்தன் இன்னொருத்தன்கிட்டச் சொல்லுதான்: "ஏலே, அங்கன போகாத. அது அரை நாள் ஊசி. மத்தியானம் போட்டா சாயங்காலம் செத்துரும்."

பிலோமி

டாக்டர் புஸ்தகத்தை எல்லாம் அட்டைப் பெட்டியில அடுக்க ஆரம்பிச்ச வாரம் வந்தவ பிலோமி. திரேஸ்புரத்துல மீன் ஏலம் விடுறவ. வலப்பக்கத் தாடையில கரண்ட் அடிச்ச மாதிரி வலி. காத்துப் பட்டா வெட்டும், வாயைத் திறந்தா வெட்டும். சொத்தைப் பல்லுன்னு நினைச்சு மூணு பல்லைப் பிடுங்கியாச்சு, பிடுங்கின இடத்துலயும் வெட்டுது. மாத்திரை கொஞ்ச நாள் கேட்டுது, பிறகு அதுவும் கேட்கலை. ஏலக்காரிக்கு வாயைத் திறக்க முடியலைன்னா அவ இடத்துல இன்னொருத்தர் நின்னுருவாங்க. நின்னது அவ கொழுந்தன். அவர்தான் கூடவும் வந்திருந்தார். டாக்டர், "இது பல்லு இல்லைம்மா, முக நரம்பு. கன்னம் வழியா ஊசி போகணும்"னதும், "வேண்டாம் மதினி, வாய் கோணிரும்"னு குதிச்சார்.

பிலோமி கொழுந்தனைப் பார்த்தா, வாசலைக் கையால காட்டினா. அவர் வெளிய போயிட்டார்.

ஊசி உள்ள போறப்ப மட்டும் கொஞ்சம் மயக்கம். பிறகு எழுப்பிருவார், எங்க சுருசுருங்குதுன்னு அவதான் சொல்லணும். வெட்டுற இடத்துலயே சுருசுருத்தாத்தான் அது சரியான நரம்பு. நான் எக்ஸ்ரே படாம இருக்க ஈயச் சட்டையை மாட்டிக்கிட்டு அவ கையைப் பிடிச்சிருந்தேன். "எங்கம்மா?"ன்னார் டாக்டர். "கன்னம்." இல்லை, அது இல்லை. ஊசியை மயிரிழை நகர்த்தினார். "இப்ப?" "உதடு." இன்னொரு மயிரிழை. டாக்டர் நெத்தியில வேர்த்துக் கொட்டுது. மாசக்கணக்கா முணுமுணுத்துக்கிட்டிருந்தவ திடீர்னு கத்தினா பாருங்க, கட்டடமே அதிர்ந்துச்சு. "தாடை! அங்கனதான் டாக்டரே, அங்கனயே நில்லும்!"

வெள்ளோட்டம்

திரும்பக் கொஞ்சம் மயக்கம் கொடுத்து அந்த இடத்துலயே சூடு வச்சார், வலி நின்னுது. தாடை கொஞ்சம் மரத்த மாதிரி இருக்குன்னா. அப்படித்தான் இருக்கும், சில வருசம் கழிச்சு வலி திரும்பினாலும் திரும்பலாம்னு டாக்டர் மறைக்காமச் சொல்லி அனுப்பினார். ஒருத்திக்குச் சரியானா போதுமா? பெட்டியைக் கட்டுற வேலை நிக்கலை. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில இருந்து, திங்கக்கிழமை வந்து சேருங்கன்னு போன் வந்துட்டு. திரும்பக் காட்ட வந்த பிலோமிகிட்ட இந்த வருசத்துக் கூத்தை எல்லாம் ஒண்ணு விடாம ஒப்பிச்சேன்.

சனிக்கிழமை காலையில வாசல்ல சத்தம். பிலோமி முன்னால வாறா, அவ பின்னால பதினோரு பேரு. ஒருத்தன் இடுப்பை ஒடிச்சு வாறான், ஒருத்தி காலைத் தேய்ச்சு வாறா. அரிசிக்கடை அண்ணாச்சி வாறார். முத்தையாவை ரெண்டு பேரு தாங்கிக்கிட்டு வாறாங்க. எல்லாரும் முனங்குறாங்க.

"யாரும் ஊசி போட்டுக்கிட்டு வரலை, வலியோடதான் கூட்டியாந்திருக்கேன். பக்கத்துல இருக்கவங்களைப் பார்த்து மார்க்கு சொல்லக் கூடாதுன்னும் சொல்லிட்டேன்"னா.

"முத்தையா எப்படிளா வந்தாரு?"ன்னு கேட்டேன்.

"நேரா அவரு வீட்டுக்கே போயிட்டேன். ஏன்வே, புது போட்டை முதல்ல கடல்ல வெள்ளோட்டம் விடுவாங்க. ஓட்டை இருக்கான்னு பார்க்கத்தான் அது. வெள்ளோட்டம் போற போட்டுல எவனாவது சரக்கு ஏத்துவானா? நீரு ஏத்தினீரு, முழுகினீரு. டாக்டர் என்ன செய்வாருன்னு கேட்டேன்."

முத்தையா தலையைக் குனிஞ்சுக்கிட்டார். நாங்க ரெண்டு பேரும் அஞ்சு தடவை தொண்டை கிழியச் சொல்லியும் ஏறாத சேதி இது.

பிலோமி நேரே உள்ள போனா. டாக்டர் பெட்டிகளுக்கு நடுவுல, கையில போனோட நிக்கிறார். அவ மேஜை முன்னால காலை அகட்டி நின்னா, ஏலக் குரலை எடுத்தா. "டாக்டர் தூத்துக்குடிக்கு ஒரு தரம்!" டாக்டர் சிரிக்கப் பார்த்தார். "ரெண்டு தரம்! மெட்ராஸ்காரங்க யாராவது கேக்கியளா?" போனுக்குள்ள யாரோ ஹலோ ஹலோங்கிறாங்க. பிலோமி அந்தப் போனை வாங்கி மேஜையில கவுத்து வச்சா, உள்ளங்கையால ஓங்கி ஒரு தட்டு. "மூணு தரம்!"

ஊர் வலிக்கு ஒரு டாக்டர் நிலைச்சுட்டார். ஒரு மாத்திரை கூடப் போடாம வந்து வாசல்ல முனங்குற அத்தனை பேர் நடுவுலயும் உட்கார்ந்திருக்கிற என் தலைவலிக்குத்தான் இன்னும் டோக்கன் கிடைக்கலை.