மாப்பிள்ளை அறைக்குப் போன கம்ப்யூட்டர்

எங்கள் பனியன் கம்பெனியில் பயர்வால் வந்து இறங்கிய நாளில் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்துப் பூஜை போட்டார்கள். தடித்த புத்தகம் அளவில் ஒரு டப்பா, முன்பக்கம் நாலு பச்சை விளக்கு. வெளியாள் யாரும் இன்டர்நெட் வழியாக நம் கம்ப்யூட்டர்களுக்குள் நுழையாமல் அது காவல் காக்கும் என்றார்கள். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம் சார் அன்று முதல் அந்த டப்பாவுக்குப் பூசாரி.

நான் பத்தாவது வரை படித்தவள். பதினோரு வருஷம் செக்கிங் டேபிளில் நின்று பனியனில் ஓட்டை தேடினேன். இரண்டு காலிலும் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்த பிறகுதான், அட்டைப்பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் அடிக்கும் வேலையைக் கொடுத்தார்கள். உட்கார்ந்து செய்யும் வேலை. எனக்கு முன் அங்கே இருந்தவர், ஒரே ஒரு தடவை ஸ்டிக்கரைத் தப்பாக அடித்ததற்கு மறுநாளே செக்கிங்குக்கு அனுப்பப்பட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை காலை, எந்த சைஸ் கொடுத்தாலும் ஸ்டிக்கரில் எக்ஸ்எல் என்றே வந்தது. குழந்தைச் சட்டைக்கும் எக்ஸ்எல். நாலு மணிக்குத் தூத்துக்குடி லாரி கிளம்ப வேண்டும். சாஃப்ட்வேர் கொடுத்த சென்னைக்காரருக்குப் போன் செய்தேன். பேசக் கூச்சம், தாளில் எழுதி வைத்துப் படித்தேன்.

“ரிமோட் ஓப்பன் பண்ணுங்க மேடம். இங்கிருந்தே உங்க சிஸ்டத்துக்குள்ள வந்து சரி பண்ணிடறேன்.”

திறந்தேன். இணைப்பு கிடைக்கவில்லை என்று வந்தது. சிஸ்டம் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் முகத்தில் அப்படியொரு மலர்ச்சி.

“பாத்தீங்களாக்கா? எமனே வந்தாலும் நம்ம பயர்வாலைத் தாண்ட முடியாதுங்க.”

“எமன் வேண்டாங்க சார். அந்தச் சென்னைக்காரரை மட்டும் உள்ள உடுங்க.”

“ரூல்ஸ்னு ஒண்ணு இருக்குதுங்களே. பாரத்துல முதலாளி கையெழுத்து வேணும்.”

முதலாளி ராகு காலத்தில் எதிலும் கையெழுத்துப் போட மாட்டார். பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை பாரத்தைப் பிடித்துக்கொண்டு அவர் அறை வாசலில் நின்றேன். பன்னிரண்டு அடித்ததும் காங்கேயத்தில் ஒரு கல்யாண விருந்துக்குக் கிளம்பிவிட்டார். நான் நீட்டிய தாளைப் பார்த்து, “வந்து பாத்துக்கலாம் அம்மிணி” என்று காரில் ஏறினார்.

பேக்கிங் சூப்பர்வைசர்தான் வழி சொன்னார். “ஏனுங்கக்கா, மாப்பிள்ளை ரூமுக்குப் பயர்வால் கிடையாதுங்களே?”

கம்பெனிக்கே தெரிந்த ரகசியம் அது. முதலாளியின் மருமகன் கிரிக்கெட் பார்ப்பதற்காக அவர் அறைக்கு மட்டும், டப்பாவைத் தொடாமல், தனி லைன். கோட்டை வாசலுக்கு ஏழு பூட்டு. கொல்லைக் கதவு மாப்பிள்ளைக்குத் திறந்தே கிடந்தது.

என் கம்ப்யூட்டரைத் துணி தள்ளும் ட்ராலியில் ஏற்றி, தையல் மெஷின்களுக்கு நடுவே இருவரும் தள்ளிக்கொண்டு போனோம்.

“என்னக்கா, ஆஸ்பத்திரிக்கா?” என்றார் ஒரு டெய்லர்.

“மாப்பிள்ளைகிட்ட போவுதுல்லா? மறுவீட்டுக்குத்தான்” என்றாள் அடுத்த மெஷினில் இருந்த திருநெல்வேலிப் பெண். வரிசையே சிரித்தது. நான் தலையை நிமிர்த்தவில்லை.

“டாஸ் போட்டாச்சுங்க. எவ்வளவு நேரமாகும்?” என்றார் மருமகன்.

“பத்து நிமிஷங்க.”

சொத்தை எழுதிக் கொடுப்பவர்போல வயரைப் பிடுங்கிக் கொடுத்தார். மாட்டியதும் திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. சென்னைக்காரர் உள்ளே வந்துவிட்டார். ஐந்தே நிமிஷத்தில் குழந்தைச் சட்டை குழந்தைச் சட்டையானது. லாரி நேரத்துக்குக் கிளம்பியது.

திங்கட்கிழமை எனக்கு ஒரு மெமோ. இங்கிலீஷில் இருந்ததை சூப்பர்வைசர் படித்துச் சொன்னார்: பாதுகாப்பை மீறி, அனுமதியில்லாமல் கம்ப்யூட்டரை எடுத்துச் சென்றேனாம், திரும்ப செக்கிங்குக்கே மாற்ற வேண்டுமாம். எழுதியவர் சிஸ்டம் சார். முதலாளி அறைக்குக் கூப்பிட்டார்கள். மருமகனும் சிஸ்டம் சாரும் அங்கே இருந்தார்கள்.

“என்ன அம்மிணி, இப்படிப் பண்ணிப்போட்டீங்க? கையெழுத்துப் போடுங்க.”

அந்த அறையில் ‘சரிங்க’ தவிர நான் எதுவும் பேசியதில்லை. செக்கிங் டேபிளை நினைத்தேன். வாய் தானாகத் திறந்தது.

“போடறனுங்க. ஆனா அந்த லைன் எந்த ரூம்ல இருந்துச்சுன்னு இதுல எழுதலீங்களே. அதையும் சேத்து எழுதிட்டா நல்லதுங்க.”

மருமகன் மின்விசிறியைப் பார்த்தார். முதலாளி மெமோவை நாலாக மடித்து மேசை டிராயரில் போட்டார்.

“போங்க அம்மிணி. போய் உக்காந்து வேலையப் பாருங்க.”

சொன்னது கோபத்திலா சலிப்பிலா, தெரியாது. உக்காந்து என்றாரல்லவா? அவர் வேறு ஏதும் சொல்வதற்குள் வெளியே வந்துவிட்டேன்.