ரோட்டில் காயும் நெல்லும் எட்டரை மணி பஸ்ஸும்

குடவாசல் பக்கத்துச் செங்கல் சூளையை விட்டு நடக்க ஆரம்பித்து அது இரண்டாம் நாள். மழையில் சுடாத பச்சைக்கல் எல்லாம் கரைந்துபோய் சூளை நின்றுவிட்டது. தஞ்சாவூரில் ஏதாவது கிடைக்கும் என்று குறுக்குப் பாதையில் வந்துகொண்டிருந்தேன். சாயங்காலம் நான் வாய்க்கால் பாலத்தைத் தாண்டும்போது எதிரே வந்த டவுன் பஸ் நின்றது. எல்லோரையும் இறங்கச் சொன்னார் கண்டக்டர்.

பாலத்திலிருந்து ஊர் வரைக்கும் ரோட்டின் முழு அகலத்துக்கும் குறுவை நெல் காய்ந்தது. நான் அதன் ஓரமாகத்தான் நடந்து வந்திருந்தேன். ஈர நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். பஸ் வருவதற்காகவே போட்ட புதுத் தார் ரோடு அது. அந்த ஊரில் அதைப் போலச் சூடு பிடிக்கும் இடம் வேறு கிடையாது. பஸ்ஸை ஊருக்குள் நீட்டி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

இறங்கியவர்களில் ஒரு பெண் டிரைவர் பக்கத்து ஜன்னலுக்குக் கீழே போய் நின்றாள். அந்த ஊர்க்காரி. தஞ்சாவூரில் ஜவுளிக்கடை வேலை.

"ஏத்திட்டுப் போங்கண்ணே. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. லாரியெல்லாம் போவுது."

"லாரிக்காரன் போவான். எங்க வீட்லயும் வெள்ளாமைதான். நெல்லு மேல சக்கரத்த விட மாட்டேன்."

இறங்கிய ஒருவர், பஸ் கேட்டதும் நாமதான், பாதையை அடைத்ததும் நாமதான் என்று சிரித்தார். கண்டக்டர் சிரிக்கவில்லை. நாளைக் காலை எட்டரை வண்டியும் ஊருக்குள் போக முடியாவிட்டால் டிப்போவில் எழுதிக் கொடுத்துவிடுவேன், பழையபடி மெயின் ரோட்டோடு நின்றுவிடும் என்றார்.

மெயின் ரோட்டுக்கு ஒரு மணி நேர நடை. அப்படி நடந்துபோய்த் தாமதமான நாட்களுக்காகக் கடை முதலாளி அவளை எச்சரித்திருந்தார். இன்னொரு நாள் தாமதமானால் வீட்டிலேயே இருந்துகொள்ள வேண்டியதுதான். இதை அவள் யாரிடமும் குறிப்பாகச் சொல்லாமல், நடந்துகொண்டே சொன்னாள். எனக்கு அவசரம் ஒன்றுமில்லை. அவர்களோடு திரும்பி ஊருக்கு நடந்தேன்.

நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டுக்கொண்டிருந்தவர்களிடம், பாதி ரோட்டை விடுங்கள் என்று அவள் கேட்டாள். விடலாம்தான் என்றார்கள். ஆனால் பாதி அகலத்தில் பரப்பினால் கனமாகக் கிடக்கும், அடிக்கடி கிளற வேண்டும், இல்லாவிட்டால் அடி நெல் முளைத்துவிடும். விடிந்தால் எல்லோரும் அறுவடை மிஷினோடு வயலில் இருக்க வேண்டும். கிளற ஆள் ஏது?

நான் கிளறுகிறேன் என்றேன்.

"எந்த ஊருப்பா நீ?" என்றார் ஒருவர்.

"ஊருன்னு ஒண்ணும் இல்லீங்க."

"அப்ப பஸ்ஸு எங்க நின்னா ஒனக்கென்ன?"

எனக்கு ஒன்றுமில்லைதான். சாப்பாடும் கூலியும் தருவீர்களா என்று கேட்டேன். தருவதாகச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்து வராந்தாவில் படுத்தேன்.

விடிந்ததும், வயலுக்குப் போவதற்கு முன், குவியல்களைப் பிரித்து இடது பாதியில் மட்டும் பரப்பினார்கள். எல்லைக்கு வரிசையாகக் கல் வைத்தேன். எட்டரைக்கு பஸ் பாலம் ஏறியது. டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கல் வரிசையைப் பார்த்தபடியே மெதுவாக ஊருக்குள் ஓட்டிப் போனார். பஸ் திரும்பி வரும்போது அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

பஸ் போனதும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நெல்லுக்குள் இறங்கினேன். பாதத்தால் அடி நெல்லைக் கிளறியபடி பாலத்திலிருந்து ஊர் வரைக்கும், ஊரிலிருந்து பாலம் வரைக்கும் நடந்தேன்.