ரோவீனா சேர்த்துவைத்த நாற்பத்தொரு கடிதங்கள்

எங்கள் போர்ட் அலீசாவில் ரோவீனா பிக்கெட்டைத் தெரியாதவர்கள் கிடையாது. மூட்டுவலிக்கு அவள் காய்ச்சும் கஞ்சாத் தைலத்தைத் தடவிப் பார்க்காத கிழங்கட்டை எங்கள் சர்ச்சில் ஒன்றுகூட இல்லை. நான் அவள் தெருவில் முடி பின்னிவிடும் கடை வைத்திருக்கிறேன். முப்பது வருடமாக அவள் தலை என் கையில்தான். ஆனாலும் அவளை நினைத்தால் எனக்கு இன்னும் மலைப்பாகவே இருக்கிறது.

இருபத்திரண்டு வயதில் அவள் கைப்பையில் ஒரு சின்னப் பொட்டலம் கஞ்சா இருந்தது. போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அதே வாரம் மேட்டுத் தெருவில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் வாசற்படியில் உட்கார்ந்து ஊதித் தள்ளினார்கள். ரோந்து வண்டி அவர்களுக்குக் கையாட்டிவிட்டுப் போயிற்று. கறுப்புத்தோல் எங்களவளுக்கு எட்டு மாதம் சிறை, அதற்கப்புறம் ஆயுசுக்கும் கெட்ட பேர். பிறகு எங்கள் கலிஃபோர்னியாவில் கஞ்சா சட்டப்படி வியாபாரமாயிற்று. அந்த மேட்டுத் தெருக்காரர்களே கண்ணாடி பதித்த கடை போட்டு, அழகான டப்பாவில் அடைத்து விற்றார்கள். எனக்கு வயிறு எரிந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

பழைய வழக்கு விவரத்தை அழித்துவிட்டோம் என்று ரோவீனாவுக்கு நீதிமன்றத்திலிருந்து தகவல் வந்தது, அடிமைத்தனம் ஒழிந்ததை நாங்கள் கொண்டாடும் விடுதலை நாள் விருந்துக்கு முந்தின நாள். விருந்தன்று அவள் தீர்ப்புக் காகிதத்தையும் ஜாமீன் சீட்டையும் எடுத்து வந்திருந்தாள். விலா எலும்புக் கறி சுடும் அடுப்பு கனன்றுகொண்டிருந்தது.

"போடுடி அந்தச் சனியனை நெருப்புல!" என்று கத்தியவள் நான்தான். எல்லாம் எரிந்தது. நாங்கள் ஆடினோம்.

இரண்டே மாதத்தில் நகராட்சி அறிவித்தது: அந்தப் பழைய சட்டத்தில் தண்டனை பெற்றவர்களுக்குத்தான் கஞ்சாக் கடை உரிமத்தில் முன்னுரிமை. தண்டனைக்கு எழுத்தில் சான்று வேண்டும், வெள்ளிக்கிழமை கடைசி நாள். அது இல்லாவிட்டால் பெரும் முதலாளிகளோடு பொது வரிசையில் நிற்க வேண்டியதுதான். தன் தைலத்தைக் கடை போட்டு விற்க ஆசைப்பட்டவள் அங்கே நின்றால், அவள் பேரன் காலத்தில்தான் கடை திறக்கும்.

தீர்ப்பின் நகல் கேட்டு நீதிமன்றத்துக்கு ஓடினோம். "உங்க பேர்ல வழக்கே இல்லியேம்மா, நீங்க சுத்தம்!" என்று அங்கிருந்த பெண் சந்தோஷமாகச் சொன்னாள். எனக்குத் தலையை எங்கேயாவது முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"ரோவீனா, என்னை ரெண்டு அறை அறைஞ்சிடு."

"அறையலாம். அப்புறம் எனக்கு யாரு முடி பின்றது?" என்றாள் பாவி.

வெள்ளிக்கிழமை காலை நகராட்சிக்கு ஒரு பூட்ஸ் பெட்டியோடு வந்து நின்றாள். உரிமப் பிரிவில் இருந்த டாலிவர் என்ற அதிகாரி முன்னால் அதைக் கவிழ்த்தாள். அத்தனையும் வேலை இல்லை என்று சொன்ன கடிதங்கள். பழைய குற்றத்தைக் காட்டி வேலை மறுத்தால் எங்கள் ஊரில் காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரி, ரொட்டிக்கடை, பள்ளி வண்டி என்று நாற்பத்தொரு இடம். ஒவ்வொன்றிலும் வழக்கு எண், தேதி, குற்றம் எல்லாம் அச்சில் இருந்தது.

"அடிப்பாவி, இதையெல்லாம் எதுக்குடி வச்சிருந்தே?"

"என் மக ஒருநாள் கேப்பா, ஏம்மா நீ ஒரு நல்ல வேலைக்குப் போகலேன்னு. போய்க் கேட்டேன்டின்னு காட்டணுமில்ல?"

 நானாக இருந்தால் மூன்றாவது கடிதத்தோடு படுத்திருப்பேன். இவள் நாற்பத்தொரு தடவை தலை வாரி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். அதில் பாதித் தடவை அந்தத் தலையைப் பின்னிவிட்டவளே நான்தான். ஒருநாளாவது வாயைத் திறந்து சொன்னாளா?

டாலிவர் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தவர் ஒரு கடிதத்தில் நின்றுவிட்டார்.

"இது... இது நாங்க அனுப்பினதாச்சே."

"ஆமா தம்பி. வெளியில இருக்கே, அந்தத் தாழ்வாரத்தைக் கூட்டற வேலைதான் கேட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார். விண்ணப்பத்தில் முத்திரை குத்தும்போது எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

போன வசந்தத்தில் கடை திறந்தது. வேலைக்கு ஆள் எடுக்க ரோவீனா ஒரு படிவம் அச்சடித்தாள். அதிலும் அதே கேள்வி: 'நீங்கள் தண்டனை பெற்றதுண்டா?' எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நாப்பத்தொரு பேர் உன்னைக் கேட்டது பத்தலையா? இப்ப நீ வேற கேக்கறியா?"

அவள் படிவங்களை மேசைமேல் அடுக்கினாள். முதலில் வந்த லாட்ரிஸ் என்ற பெண் படிவத்தை மளமளவென்று நிரப்பினாள். அந்தக் கேள்வி வந்ததும் கை நின்றது. பிறகு 'இல்லை' என்று எழுதி நீட்டினாள்.

ரோவீனா வாங்கிப் பார்த்தாள். "நெசத்தைச் சொல்லு கண்ணு. உண்டா?"

லாட்ரிஸ் ஆமென்று தலையாட்டிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்க கிளம்பிட்டே? உக்காரு. 'ஆமா'ன்னு எழுதினவங்களைத்தான் நான் முதல்ல எடுக்கறேன்."

அந்தப் பெண் பையைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவைத் திரும்பக் கேட்டாள்.