ஞாயிற்றுக்கிழமைப் பாட்டில்

மழை நின்ற வாரத்தில் முகத்துவாரத்துக்கு ஒரு வாசனை உண்டு... சேறு, உப்பு, வயலிலிருந்து வந்த யூரியா, எல்லாம் கலந்தது. இப்போதும் அந்த வாசனை வந்தால் கை தானாக மீட்டரைத் தேடுகிறது.

மண்டபம் பக்கம் ஒரு லேபில் எனக்கும் சகாயமேரிக்கும் முதல் வேலை. வைகை கடலில் சேரும் இடத்தில், ஆறு கொண்டுவரும் உரச்சத்து கூடினால் நுண்பாசி எவ்வளவு வளர்கிறது என்று பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பாசி. நீல வெளிச்சம் அடித்தால் சிவப்பாக ஒளிரும். ஒளி கூடினால் பாசி கூடியிருக்கிறது... அப்படித்தான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

சகாயம் அவள் அய்யாவின், அதாவது அப்பாவின், மீன்பிடி வள்ளத்தில் போய்த் தண்ணீர் எடுத்து வருவாள். நான் கரையில் அந்த ஒளியை அளக்கும் மீட்டரோடு நிற்பேன், பாட்டில் வந்ததும் அளப்பேன். புதன்கிழமை விடிந்ததும் போவார்கள். ஞாயிறு மட்டும் சர்ச்சில் பூசை முடிந்து, உச்சி வெயிலில்.

கோளாறு அங்கேதான். பாசிக்குச் சாப்பாடான நைட்ரேட், பாஸ்பேட் இரண்டு நாளும் ஒன்றுபோல இருக்கும். ஒளி மட்டும் ஞாயிறன்று பாதியாக விழும்.

லேபை நடத்திய சார் சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தார். "ஏம்மா, சாப்பாடு அவ்வளவு கெடக்கு. ஞாயித்துக்கிழமை மட்டும் பாசி லீவு எடுக்குமா?"

பிறகு சிரிப்பு போயிற்று. "பூசைக்குப் போன அசதியில கரையிலேயே மொண்டுட்டு வந்திருக்க. அடுத்த மாசம் வேற ஆளப் பாக்குறேன்."

"முகத்துவாரத்துக்குப் போயித்தான் சார் எடுத்தேன். வேணும்னா அய்யாட்ட கேளுங்க," என்றாள். அவர் கேட்கவில்லை. மீன்பிடிக்கப் போகாமல் அவள் வீட்டில் ஒருவருக்குக் கிடைத்த முதல் வேலை அது.

அடுத்த ஞாயிறு அளந்தேன். அதே மங்கல். சகாயம் பாட்டிலை ஈரச் சாக்குக்குள் சொருகிவிட்டு, "வா, மொதல்ல சாப்பிடு" என்றாள். கணவாய்மீன் குழம்பு. சாப்பிட்டு முடித்தும் மனசு கேட்காமல் அதே பாட்டிலை இன்னொரு தடவை அளந்தேன்.

எண் ஏறியிருந்தது.

"ஏய், இங்கன பாரு."

வெயிலில் வைத்தோம், இறங்கியது. சாக்குக்குள் வைத்தோம், ஏறியது. வெயில் தாழும் வரை இதே விளையாட்டு. அவள் அய்யா கையிலிருந்த வலையைப் போட்டுவிட்டு வந்து, "என்னடி, தண்ணிக்கு உறக்கம் தெளியுதா?" என்று எட்டிப் பார்த்தார்.

பாசி குறையவே இல்லை. உச்சி வெயிலில், தாங்க முடியாத வெளிச்சத்தை அது சூடாக வெளியே தள்ளிவிடுகிறது. அதனால் ஒளிர்வது மங்கிப்போகிறது. கொஞ்ச நேரம் இருட்டில் வைத்தால் தேறிவிடுகிறது.

சார் தானும் செய்து பார்த்தார். "இனிமே இருட்டுல வச்சு அளங்க" என்றார். அவ்வளவுதான். சகாயத்தின் வேலை நிலைத்தது.

வெளியே வந்து அவள் சொன்னாள்: "நான் சொன்னா நம்பல. பாசி சொன்னாத்தான் நம்புறாக."

இப்போது அதே இடத்தில் சென்சாரோடு ஒரு மிதவை நிற்கிறது. வள்ளமும் வேண்டாம், சாக்கும் வேண்டாம். கிராஃப் போனுக்கே வருகிறது. தினமும் மதியம் அதில் ஒரு பள்ளம். நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து சகாயத்துக்கு அனுப்புவேன். "பூசை முடிஞ்சிருச்சு போல" என்று பதில் வரும்.

போன வாரம் லேபில் புதிதாகச் சேர்ந்த பெண் அந்தப் பள்ளத்தைக் காட்டி, "மேடம், சென்சார்ல ஏதும் ப்ராப்ளமா?" என்று கேட்டாள். நல்ல கேள்விதான்...

சென்சார் பொய் சொல்கிறதா என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. சகாயத்தின் மேல் சாருக்கு வந்த முதல் சந்தேகமே அதுதான்.