கருத்துக்கு டிக்கெட் இல்லை

"அடுத்த ஸ்டாப் பெரிய ஆஸ்பத்திரி! டாக்டரைப் பார்க்கணும்னா உட்கார்ந்தே இருங்க. கட்டடத்தைப் பார்க்கணும்னா இறங்குங்க, நல்லாக் கட்டியிருக்காங்க!"

இதைச் சொல்லும்போது நடத்துநர் சிரிக்க மாட்டார். ஒரு கையால் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, வானிலை அறிக்கை வாசிப்பவரின் முகத்தோடு சொல்வார். ஏழாம் எண் பேருந்தில் பதினேழு வருடங்களாக இதே குரல். பணிமனையில் அவருக்கு 'ரேடியோ' என்று பெயர். அணைக்கும் பொத்தான் இல்லாத ரேடியோ என்பது அவர் மனைவி செய்த திருத்தம்.

முன்பெல்லாம் ஆஸ்பத்திரி வந்தால் பெயரோடு நிறுத்திக்கொள்வார். ஒருநாள் காலை, காய்ச்சலில் துவண்ட பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெரியவர் அங்கே இறங்கினார். மாலையில் வண்டி திரும்பியபோது அதே இடம், அதே தோள், அதே பேத்தி. "டாக்டர் வரலப்பா. நாளைக்கு வரச் சொல்றாங்க" என்றார் பெரியவர். ரேடியோவுக்கு அன்று அவருக்கு டிக்கெட் கிழிக்கக் கை வரவில்லை. மறுநாள் தொடங்கியதுதான் அந்த அறிவிப்பு.

ஆஸ்பத்திரியும் அரசாங்கத்துடையது, பேருந்தும் அரசாங்கத்துடையது. மச்சானுக்கு ஒன்று என்றால் மாமனுக்கு வலிக்காதா? டாக்டர் வராததை ஆறு வருடம் பொறுத்தவர்களால், அதைச் சொன்னதை ஆறு நாள்கூடப் பொறுக்க முடியவில்லை. 'நிர்வாகத்தின் நற்பெயருக்குக் களங்கம்' என்று தாள் வந்தது. எந்த நற்பெயர் என்று தாளில் விளக்கம் இல்லை. ரேடியோவை சஸ்பெண்ட் செய்தார்கள்.

பணிமனை மேலாளர் நல்ல மனிதர். "ஒரே ஒரு வரி மன்னிப்பு எழுதிக் கொடுங்க. நாளைக்கே வண்டியில ஏறிக்கலாம்" என்றார்.

"என்னன்னு எழுத சார்? டாக்டர் இருந்தார்னா?"

மேலாளர் பேனாவை மூடிவிட்டார்.

"தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க? தவளையாவது மழை வந்தாத்தான் கத்தும்!" என்றார் மனைவி. சொன்னவர்தான் தையல் ஆலையில் இரண்டு ஷிஃப்ட் பார்த்து ஒன்பது மாதம் வீட்டை ஓட்டினார். பெண் வழக்கறிஞர் ஒருவரைத் தேடிப் பிடித்ததும் அவரேதான்.

அந்த வழக்கறிஞர் நீதிமன்றத்தில் வைத்த கேள்வி எளியது. அரசமைப்புச் சட்டம் தரும் பேச்சுரிமை, சீருடை போட்டவருக்கும் உண்டா? உண்டென்றால், பேருந்தில் அது எந்தப் படி வரைக்கும் ஏறலாம்?

நிர்வாகத்தின் வழக்கறிஞர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுந்தார். நிறுத்தத்தின் பெயர் நிர்வாகத்தின் சொத்து. அதற்கு மேல் வரும் சொற்கள் யாவும் டிக்கெட் எடுக்காமல் பயணம் செய்பவை என்றார். கட்டடத்தைப் பாராட்டியதற்கும் முன் அனுமதி பெறவில்லை என்பதை வருத்தத்தோடு சேர்த்துக்கொண்டார்.

நீதிபதி ரேடியோவையே கேட்டார்: "ஏம்பா, ஸ்டாப் பேரை மட்டும் சொன்னாப் போதாதா?"

"போதுங்கய்யா. ஆனா அதை நம்பி இறங்கிடறாங்களே."

நீதிபதி அதை அப்படியே குறித்துக்கொண்டார்.

தீர்ப்பு நாற்பத்து மூன்று பக்கம். பேச்சுரிமை எல்லோருக்கும் உண்டு, உண்மையைச் சொன்னவரை வெளியே நிறுத்தியது தவறு, உடனே வேலை கொடுக்க வேண்டும் என்று நாற்பத்திரண்டு பக்கம் முழங்கியது. கடைசிப் பக்கம் குரலைத் தாழ்த்தியது: பணியின்போது பேருந்துக்குள் நிறுத்தத்தின் பெயரை மட்டுமே சொல்லலாம், வண்டியை விட்டு இறங்கியபின் உரிமையைத் தாராளமாக அனுபவிக்கலாம். இரு தரப்பும் ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டன. வழக்கு நடந்தவரை டாக்டரும் தவறாமல் வந்தார். தீர்ப்புக்குப் பிறகு பாவம், அவருக்கும் ஓய்வு தேவைப்பட்டது.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் வண்டி நிரம்பி வழிந்தது. "என்ன ரேடியோ, வாய்க்குப் பூட்டா?" என்று சீண்டினார் ஓட்டுநர். அடுத்த நிறுத்தம் வந்ததும் ரேடியோ மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நீதிமன்றம்!" என்றார், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல்.

விசில் ஊதி வண்டியை நிறுத்தினார். மார்பில் குத்தியிருந்த எண் வில்லையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார். படியிறங்கி, இரண்டு காலையும் தரையில் அழுத்தி ஊன்றி, ஜன்னல்களைப் பார்த்துத் திரும்பி நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டார்.