ஊர்க்காவலனின் மூக்கு

ஆனைக்குட்டம் விலக்கில் ஊர்க்காவலன் போட்டிருக்கும் மெக்கானிக் ஷெட்டுக்கு நாலு பக்கமும் வாசல். நாய் ஒரு வாசலில் நுழைந்து இன்னொரு வாசலில் போகும். மழை நாலு வாசலிலும் வரும். “இது ஷெட்டா, சத்திரமா?” என்று கேட்காத டிரைவர் கிடையாது. பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் மட்டும் கேட்க மாட்டார்கள். அங்கே அறைக்கு அறை அப்படித்தான் வாசல் வைப்பார்கள், ஏதாவது ஆகிவிட்டால் எந்தப் பக்கமும் ஓடலாம் என்று. ஓட நேரம் கிடைக்குமா என்பது வேறு பேச்சு.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குள் மருந்து செலுத்தியவர் ஊர்க்காவலன். வேலையை விட்டும் பழக்கம் விடவில்லை. செருப்பில்லாத கால், பருத்திச் சட்டை. வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் உள்ள கரண்டை மண்ணுக்கு இறக்கிவிட்டுத்தான் உள்ளே வருவார். வழவழவென்று நைலான் சட்டை போட்டு வருகிறவர் எவ்வளவு பெரிய ஆளானாலும் ரோட்டில்தான் நிற்க வேண்டும். இந்தக் கிறுக்குக்காகவே கொஞ்சம் பேர் அவரிடம் வருவதில்லை. அவரும் யாரையும் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதில்லை.

அப்படிப்பட்டவரிடம்தான் அருள்பாண்டி தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைக் கட்டி இழுத்து வந்தார். காடு கரை உள்ள மனிதர். வாலிபத்தில் ஆசைப்பட்டு வாங்கிய ரெண்டு சீட்டு வண்டி, வத்தல் குடோனில் வருசக்கணக்காகக் கிடந்தது. இப்போது மகள் அருணாதேவி அதை ஓட்டியே தீருவேன் என்கிறாள்.

ஊர்க்காவலன் அடியில் படுத்துப் பார்த்தார். டேங்கிலிருந்து இன்ஜின் வரை ஓடும் இரும்புக் குழாய்கள் துருவேறி, விரலால் அழுத்தினால் அப்பளமாக நொறுங்கின. ஒட்டுப் போடுகிற கதையே இல்லை. பழைய குழாயை வளைவு கெடாமல் கழற்றித் தரையில் கிடத்தி, அதே வாகுக்குச் செம்பு கலந்த புதுக் குழாயை வளைத்தார். முனைகளை விரித்து நட்டுப் போட்டார். பாடியில் உரசாமல் இருக்க அங்கங்கே கிளிப்பு மாட்டினார். பெட்ரோல் ஊற்றி, பம்பை மட்டும் ஓடவிட்டு, அடியில் வெள்ளைத் தாள் விரித்துப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை.

ஆனால் பெட்ரோல் வாடை அடித்தது.

எல்லா முனையையும் கழற்றித் திரும்பப் பூட்டினார். அப்போதும் அடித்தது. ஒரு குழாயை மாற்றியே போட்டார். அடித்தது. பக்கத்து டீக்கடைக்காரரைக் கூட்டி வந்து முகரச் சொன்னார். “உங்க பீடி வாடைதாம்ணே அடிக்கி” என்றார் அவர். ஊர்க்காவலன் பீடி குடித்தே பல வருசம் ஆகிறது.

அவர் மனைவி பாண்டிமீனாவும் அதே பட்டாசுக் கம்பெனியில்தான் இருந்தாள். தீபாவளி சீசன், முந்தின நாள் மழை. ஊர்க்காவலன் காய்ச்சலில் வீட்டில் கிடந்தார். கலந்து மிச்சம் வைத்திருந்த மருந்தில் ஈரம் ஏறிவிட்டது. ஈரம் ஏறிய மருந்து தானாகச் சூடாகும். அப்போது மூத்திர நெடி வரும். அந்த நெடி அவள் மூக்குக்கு மட்டும் எட்டியது. எழுந்து நின்று, “என்னமோ நெடி அடிக்குதே” என்றாள். ஃபோர்மேன் சிரித்தார். “ராத்திரி நாய் வந்துட்டுப் போயிருக்கும்த்தா. லோடு நிக்கி, ஒக்காரு.” எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். அறை வெடித்தபோது தண்ணீர் எடுக்க வெளியே போயிருந்து பிழைத்த பஞ்சம்மாள்தான் பிறகு வந்து இதைச் சொன்னாள்.

சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள் என்பதைத்தான் அவரால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

அதற்கப்புறம் அவள் அவர் மூக்கிலேயே குடியேறிவிட்டாள். சோற்றில் கை வைக்கும்போது ஏதாவது ஒரு நெடி வரும். கோயிலில் திருநீறு வாங்கும்போது வரும். அந்தக் குரலும் கூடவே வரும்: என்னமோ நெடி அடிக்குதே. எது நிஜம், எது அவள் என்று அவருக்குத் தெரியாது. தெரியாமலேதான் இத்தனை வருசமாக வண்டி பார்க்கிறார்.

வண்டியை எடுத்துப் போக அருள்பாண்டியும் மகளும் வந்தார்கள். அருணாதேவி செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே வந்து, காரில் ஏறிச் சாவியைப் போட்டாள்.

“எறங்குங்க தாயி,” என்றார் ஊர்க்காவலன். “வாடை அடிக்கி.”

அருள்பாண்டி சிரித்தே விட்டார். “பெட்ரோல் வண்டில பெட்ரோல் வாடை அடிக்காம, மல்லியப்பூ வாடையா அடிக்கும்? நீ எடு ஆத்தா.”

 அதே சிரிப்பு. அருணாதேவி அப்பாவைப் பார்த்தாள், ஊர்க்காவலனைப் பார்த்தாள். அவளும் சிரித்துவிடுவாள், சிரித்துக்கொண்டே சாவியைத் திருப்பிவிடுவாள் என்று அவர் பயந்தார்.

அவள் சாவியை உருவிக்கொண்டு இறங்கினாள்.

“எனக்கு ஒண்ணும் அடிக்கலண்ணாச்சி. ஆனா நீங்க சொல்லுதீக. பாருங்க.” ஷெட்டை விட்டு வெளியே போய் ரோட்டோரம் நின்றுகொண்டாள். “என்னத்தா, அவனுக்குத்தான் கிறுக்குன்னா ஒனக்குமா?” என்று முணுமுணுத்தபடி அருள்பாண்டியும் பின்னால் போனார்.

ஊர்க்காவலன் காருக்கு அடியில் போய்ப் படுத்தார். ஒவ்வொரு முனையையும் தாள் வைத்து ஒற்றினார். எல்லாம் காய்ந்தே இருந்தது. திரும்ப ஒற்றினார். குழாயைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். ஒரு வார்த்தை சொன்னதும் ஒருத்தி எழுந்து வெளியே போய்விட்டாள். அவ்வளவு சின்ன வேலை. அன்றைக்கு அதைச் செய்யவிட ஒரு ஆள் இல்லாமல் போயிற்றே.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

“எங்கயும் லீக் இல்ல தாயி. என் மூக்குதான் கோளாறு.”

“இருக்கட்டும். வாடை போன பெறகு சொல்லுங்க, ஏறுதேன்.”

வெயில் அவள் முகத்தில் அடித்தது. அந்த வாடை போகாது என்று எப்படிச் சொல்வது? எவ்வளவு நேரம் ஆனாலும் அந்தப் பெண் அங்கேயே நிற்பாள் என்று தோன்றியது.

“போயிருச்சு தாயி,” என்றார். “வாங்க.”

அவள் ஏறினாள். ஊர்க்காவலன் சுற்றிப் போய் மற்றக் கதவைத் திறந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார்.

“நீங்களும் வாரீகளா அண்ணாச்சி?”

“வாரேன்.”

உள்ளே வாடை குப்பென்று அடித்தது. “எடுங்க” என்றார் ஊர்க்காவலன்.